துப்பறியப் போய் மாட்டிக்கொண்டோம்

போன வாரம் நான் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தேன். ஹெல்மெட், மாஸ்க், ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு கூட்டாளி சகிதமாக!

பதற வேண்டாம். கூட்டாளி, அந்தப் பெண்ணைப் பெற்ற அம்மாதான்.

பக்கத்து வீட்டு செல்வியின் மகள் நிவேதாவுக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டிசம் உண்டு. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. கட்டுக்கட்டாகக் காகிதம் கொடுங்கள், ஒரு பக்கம் மாறாமல் அடுக்கித் தருவாள். மூன்று மாதமாக அம்மாவோடு பஸ்ஸில் போய்ப் பழகியவள், திடீரென்று அறிவித்துவிட்டாள்: "நாளைலேர்ந்து நான் மட்டும் போறேன்."

செல்வி சரியென்று தலையாட்டினாள். மறுநாள் காலை என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, சீக்கிரம் வண்டிய எடுங்க. பஸ் ஏறிடுவா!"

பாதி வழி வரை பிரச்சினை இல்லை. ஆனால் அன்று பௌர்ணமி. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு யாராவது பௌர்ணமியை மறப்பார்களா? மறந்தோமே! கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை நடுவழியிலேயே நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

போட்ட திட்டம் மாறினால் நிவேதாவால் தாங்க முடியாது. ஹாரன் சத்தம் வேறு... இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரோட்டோரம் அப்படியே நின்றுவிட்டாள். செல்வி வண்டியிலிருந்து குதிக்கப் போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நிமிஷம் பொறு செல்வி."

சொல்லிவிட்டேனே தவிர, நானும் வண்டியை ஆஃப் செய்யவில்லை.

நிவேதா மெல்லக் காதிலிருந்து கையை எடுத்தாள். நேராக, பஸ்ஸை நிறுத்திய போலீஸ்காரரிடம் போனாள். "சார், நான் வேங்கிக்கால் போகணும். பஸ் போகலை. எப்படிப் போறது?"

"நேரா நடம்மா, பத்து நிமிஷம்தான்."

கிளம்புவாள் என்று பார்த்தால்... எங்களை நோக்கி வருகிறாள்!

"ஆன்ட்டி, நம்ம தெருவுலேர்ந்து பின்னாடியே வர்றீங்க. ஹெல்மெட் போட்டா வண்டி நம்பர் மாறிடுமா?" அடுத்து அம்மா பக்கம் திரும்பினாள். "நான் வேலைக்குப் போறேன். நீ வீட்டுக்குப் போ."

போயே விட்டாள்.

கால் மணி நேரத்தில் போன். "அம்மா, கடைக்கு வந்துட்டேன். வெச்சிடறேன்." அவ்வளவுதான்.

செல்வி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, சாயந்திரம் வரைக்கும் இப்ப நான் என்ன பண்றது?"

பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப எத்தனையோ பயிற்சி இருக்கிறது. அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க, அம்மாக்களுக்கு யார் பயிற்சி தருவது?

பாவம், வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுகிறாளோ என்று பதினோரு மணிக்குக் காபியோடு போய் எட்டிப் பார்த்தேன். சோபாவில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டப்பகலில், இருபத்திரண்டு வருஷம் கழித்து!

காபியை நானே குடித்துவிட்டேன்.