கெலிஓயாவுக்கு ஐந்து வரி

கம்பளை பஸ்ஸில் கண்டக்டர் "கெலிஓயா, கெலிஓயா" என்று கூவினால் எனக்கு உடனே ஒரு பாட்டின் இரண்டாவது வரி வந்துவிடும். வேண்டாமென்றாலும் வரும். அதன் பின்னால் மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைப் படிக்கத் தொடங்குவேன். பெரும்பாலும் பலகைதான் தோற்றுப் போகும். அந்த ஊரைவிட்டு வந்து வெகுகாலம் ஆகிறது, ஆனால் பாட்டு என்னை விட்டபாடில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கெலிஓயாவில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கண்டிக்குப் போய்விடுவேன். அங்கே எனக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மற்றவர் அக்குறணை முஸ்லிம், டவுனில் புடவைக்கடை வைத்திருந்தார், அண்ணன் என்ற உரிமையில் எங்களுக்கு நானா. அவர் கடை மாடியில் துணிப் பொதிகளின் மேல் சாய்ந்துகொண்டு மூன்று பேரும் ஊர்க்கதை பேசுவோம்.

ஆங்கிலப் பத்திரிகைகளில் லிமரிக் என்ற ஐந்து வரிக் கேலிப்பாட்டுப் போட்டி அமர்க்களப்பட்ட காலம் அது. ஊர்ப்பெயரில் முதல் வரி முடியும். அந்த ஊர்க்காரனுக்கு ஏதாவது கேலிக்கூத்து நடக்கும். ஐந்தாவது வரியில் ஆள் மாட்டிக்கொள்வான். கிளாக்கருக்கு அது பைத்தியமாகப் பிடித்தது. "தமிழிலை ஏன் ஏலாது?" என்று கேட்டார். ஏலும் என்று அடுத்த கிழமையே பேராதனைக்கு ஒரு பாட்டுக் கட்டி வந்தார். அதில் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தவனுக்குத் தாடி முழங்கால்வரை வளர்ந்தது. நான் அக்குறணைக்குக் கட்டினேன். அதில் நானா வியாபார மும்முரத்தில் உடுத்திய சாரத்தையே விற்றுவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் ஒளிந்தார். நானா வயிறு குலுங்கச் சிரித்தார். எவர் பாட்டுக்கு அதிகம் சிரிப்பு வந்ததோ அவரே அடுத்த ஊரைச் சொல்லவேண்டும் என்பது எங்கள் சட்டம்.

அப்படி ஒரு ஞாயிறு கெலிஓயாவின் முறை வந்தது. கிளாக்கர் எழுந்து நின்று பாடினார்:

வாத்தியார் ஒருத்தருக்கு ஊர் கெலிஓயா,
வாய்க்குப் பூட்டில்லை, பேச்சுகள் ஓயா;
பகலெல்லாம் பாடம் சொன்னார்,
பாய்விரித்துக் கண்ணயர்ந்தார்,
எழுப்பினால் மூச்சில்லை, இதென்ன நோயா?

அன்று எங்களில் அதிகம் சிரித்தவன் நான். வழக்கமாக யாராவது சாக்கடைக் கானில் விழுவார்கள், மாட்டிடம் முட்டுப்படுவார்கள். சாகடித்தது அதுதான் முதல் தடவை. பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய்ச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மனைவிக்கும் பாடிக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. அகப்பை கையிலேயே நின்றுவிட்டது.

"என்னங்க இது, உங்கள சாகடிச்சிட்டாரா?"

"பாட்டில்தானே."

"பாட்டுலதாங்க சாகடிப்பாங்க."

அவள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தகப்பன் வழியில் பாட்டுக் கட்டுகிறவர்கள் உண்டு. வாக்குப் பலிக்கும் புலவன் யார்மீதாவது அறம் வைத்துப் பாடினால், பாடப்பட்டவன் பிழைப்பதில்லை என்று கேட்டு வளர்ந்தவள். நான் படித்தவன் என்ற திமிரில் அவளைக் கேலி செய்தேன். பிறகு அந்தப் பேச்சு நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கிருந்தோ பாட்டைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் பாடிப் போகும்போது மட்டும் அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மகாவலி மெலிந்து, பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கியது. குட்டைகளில் நுளம்பு பெருகியது. நுளம்போடு காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் விழுந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாங்குகள் காலியாயின. டிஸ்பென்சரி வாசலில் கொயினா மருந்துக்கு நின்றவர்கள் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்கள். நானும் விழுந்தேன். பின்னேரமாகக் குளிர் வரும். இரண்டு கம்பளிக்குள்ளும் உடம்பு தூக்கிப் போடும். பிறகு நெருப்பாய்க் காயும். கொயினா என் வயிற்றில் தங்கவில்லை. ஒருநாள் டிஸ்பென்சரி அப்போதிக்கரி வந்து பார்த்துவிட்டு மனைவியிடம் என்னவோ தணிந்த குரலில் சொல்லிப் போனார். அவள் என் பக்கத்தில் வந்து உட்காராமல் நேரே ஆளனுப்பிச் சிநேகிதர்களை வரவழைத்தாள்.

கிளாக்கர் கதிரையில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள்: "அண்ணே, நீங்க பாடுனத நீங்களே மாத்திப் பாடிட்டுப் போங்க."

"உது பகிடி, தங்கச்சி. பகிடிக்கு ஆர் சாகிறது?"

"அந்தா, படுத்திருக்காரு பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். முகம் மாறியது. நானா மெதுவாகச் சொன்னார்: "மவுத்தாகிறதும் உசிரோட இருக்கிறதும் அல்லாட நாட்டம்தான். ஆனா தங்கச்சிட மனசு ஆறட்டுமே. ஒரு வரிதானே, மாத்திச் சொல்லுங்க."

கிளாக்கர் முயன்றார். அதை நான் கண்ணால் பார்த்தேன். எந்த ஊரைக் கொடுத்தாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் பாட்டுக் கட்டுகிற மனிதர். அன்று 'பேயா' என்றார், நிறுத்தினார். 'தீயா' என்றார், நிறுத்தினார். ஊர்ப்பெயரோடு ஓசை பொருந்தி வந்த சொல்லெல்லாம் கெட்ட சொல்லாகவே வந்தது. கடைசியில் முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு அழுதார். "வாறன் தங்கச்சி" என்று எழும்பினார். நானா அவரைத் தோளில் பிடித்து அழைத்துப் போனார்.

அவர்கள் போன பிறகு அவள் என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெற்றியில் ஈரத் துணியை மாற்றிப் போட்டாள். பிறகு அதே மெட்டில், ஒரு சொல்லுக்கும் தடுமாறாமல் பாடினாள்:

வாத்தியார் பொஞ்சாதிக்கும் ஊர் கெலிஓயா,
வாக்கப்பட்ட நாள்முதலா வேலைகள் ஓயா;
ஆத்தா கோயிலுல வெளக்கொண்ணு போட்டா,
அவருக்கு வந்தத தனக்குன்னு கேட்டா,

அங்கே நிறுத்தினாள்.

"கடைசி வரி எனக்கு வரல. நீங்க எந்திரிச்சுச் சொல்லுங்க."

வாயை மூடு என்று கத்த நினைத்தேன். குரல் எழவில்லை. அவள் பாட்டில் சொன்ன விளக்கை நிஜமாகவே போட்டிருந்தாளா என்று கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

நான் எழுந்தேன். அந்தக் கிழமையே கொயினா வயிற்றில் தங்கத் தொடங்கியது, கஞ்சி இறங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான் முற்றத்துக்கு வந்த அன்று அவள் அடுப்படியில் குளிரென்று சுருண்டாள். காய்ச்சல்காரனைக் கடித்த நுளம்பு பக்கத்தில் இருக்கிறவளையும் கடிப்பது அதிசயமில்லை. ஊரில் பாதிக் குடும்பங்களில் அப்படித்தான் நடந்தது. இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அவள் கிடந்தபோது நான் பாட்டுக் கட்டினேன். எனக்கு அறத்தில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் கட்டினேன். டிஸ்பென்சரிக்கு நடக்கும்போதும், தண்ணீர் காய்ச்சும்போதும் அந்த ஐந்தாவது வரியைத் தேடினேன். கிளாக்கருக்கு அகப்படாதது எனக்கு அகப்பட்டது. ஓடிப்போய் அவள் காதருகே குனிந்து பாடினேன்:

எழுந்துவந்து அடுப்பெரிச்சா, இனிமேலும் நோயா?

அவள் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது, அப்படியும் சிரித்தாள். "நல்லாருக்கு. அந்த அண்ணனோடத விட நல்லாருக்கு" என்றாள். பிறகு என்னைச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். அதற்குமேல் அவளுக்கு நினைவு தெளியவில்லை. மறுநாள் வெயில் ஏறும் முன்பே போய்விட்டாள்.

நானா கடையிலிருந்து கோடித் துணி கொண்டுவந்தார். கிளாக்கர் வாசற் படலைக்கு இப்பால் வரமாட்டேன் என்று ஒழுங்கையிலேயே நின்றார். நான்தான் போய்க் கையைப் பிடித்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. அது நியாயமில்லாத கோபம் என்பதும் தெரிந்தே இருந்தது.

மாதக்கணக்கில் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மாடிப் பக்கம் நான் போகவேயில்லை. ஒருநாள் கண்டிக் குளக்கட்டில் கிளாக்கர் எதிரே வந்தார். இருவரும் கட்டில் உட்கார்ந்தோம். நான் அவளுடைய நாலு வரியையும் என்னுடைய ஒரு வரியையும் சொன்னேன்.

"மாஸ்டர், உங்கடை வரியிலை அவ எழும்பினவ. நிசத்திலை எழும்பேல்லை. அப்ப பாட்டுக்கு ஒரு பலமும் இல்லை. என்ரை பாட்டுக்கும் இல்லை. ஓமோ?"

அவருக்கு நான் ஆமென்று சொல்லும் அந்த 'ஓம்' வேண்டியிருந்தது. அது இல்லாமல் அவரால் அங்கிருந்து எழும்பியிருக்க முடியாது. ஓம் என்றேன். அவர் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் சொன்னதைத்தான் நினைத்தேன். கணக்குச் சரிதான், ஆனால் அவர் என் வரியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். அவளுடைய நாலு வரி இருக்கிறதே. அவள் கேட்டது கிடைத்தது. நான் கேட்டதுதான் கிடைக்கவில்லை.