லெம்பி அண்ணி விட்டுக்கொடுத்த மான்

என் அண்ணன் மனைவி லெம்பிக்குப் பயமில்லாத பொருள் ஒன்றைக் காட்டுங்கள், நான் காப்பி வாங்கித் தருகிறேன். இடி, உறைந்த ஏரி, பல் டாக்டர், எல்லாம் பயம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறவள். ஆனாலும் நவம்பர் வந்துவிட்டால் ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்விடுவாள். அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே எங்கள் ஊர்களில் அது வீரம் கிடையாது, சமையலில் சேர்ந்தது. அந்த வருஷம் மர ஆலையில் முதுகில் அடிபட்டு அண்ணன் படுத்தே கிடந்தான். மான் கிடைக்காவிட்டால் குளிர்காலம் முழுக்க வெறும் உருளைக்கிழங்குதான்.

வேட்டைப் பருவத்தின் கடைசி நாள் மத்தியானம் ஒரு கொம்பு மானைச் சுட்டாள். அது பாய்ந்து ஓடிவிட்டது. பனியில் இளஞ்சிவப்பாக நுரை கலந்த ரத்தம் கிடந்தது. நுரையீரலில் பட்டிருக்கிறது, அதிக தூரம் போகாது என்று ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். முன்னால் அண்ணி, அடுத்து அவள் தம்பி உர்ஹோ, கடைசியில் பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு நான். உர்ஹோ நல்ல உழைப்பாளி. கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும்.

முன்னால் எங்கோ ஒரு வெடிச் சத்தம் கேட்டது. சரிவில் இறங்கினோம். மான் கீழே கிடந்தது. பக்கத்தில் ஒரு பெரிய ஆள், கையில் துப்பாக்கி. வேட்டைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த ப்ரூயிட். அதற்குள் மான் தனக்குத்தான் என்று கொம்பில் தன் வேட்டை அடையாளச் சீட்டைக் கட்டியிருந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஒரு மானுக்கு இரண்டு பேர் வந்து நின்றால், பேச்சை எடுப்பதற்கு முன்னால் எல்லோரும் குண்டை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட வேண்டும். அப்புறம்தான் காயத்தைப் பார்ப்பது. சாகடிக்கக்கூடிய காயத்தை முதலில் போட்டவருக்கு மான். பின்னால் சுட்டு விழவைத்தவருக்கு ஒரு தொடைக்கறியும் நன்றியும்.

அண்ணி தன் குண்டுகளை எடுத்துப் பையில் போட்டாள். துப்பாக்கியை ஒரு மரத்தில் சாய்த்தாள். ப்ரூயிட் அசையவில்லை. உர்ஹோவும் அசையவில்லை.

"தம்பி, நீயும் வை" என்றாள்.

"அவன் வைக்கட்டும்க்கா, அப்புறம் நான் வைக்கிறேன்."

வெறுங்கையோடு அவள் மானிடம் போய்க் குனிந்தாள். இரண்டு துப்பாக்கிக்கும் நடுவில் அவள் முதுகு.

"இங்க பாருங்க, தோளுக்குப் பின்னாடி. இது என்னோடது. உங்க குண்டு பின்னங்கால்லதான் பட்டிருக்கு" என்றாள் அவனிடம்.

"ஓடிட்டிருந்துச்சும்மா. விழ வச்சது நான். சீட்டும் கட்டியாச்சு."

"கால்ல சுட்டுட்டு மானா கேக்குது உனக்கு? வெக்கமா இல்ல?" என்று உர்ஹோ கத்தினான். "எங்க காட்டுக்கே வந்து எங்ககிட்டயே திருடுறியா?"

"யாருடா திருடன்?" ப்ரூயிட்டின் துப்பாக்கி முனை தரையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. உர்ஹோவினுடையதும் எழுந்தது. யாராவது தும்மினால்கூட ஒரு பிணம் விழும் என்று தோன்றியது. ஓடலாமா என்று நினைத்தேன்.

அண்ணி நிமிர்ந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ப்ரூயிட்டைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தாள்.

"எடுத்துக்கோங்க" என்றாள். "மான் உங்களோடதாவே இருக்கட்டும். நாங்க கிளம்புறோம்."

"அக்கா!"

"வாடா."

அவன் கையை இறுகப் பிடித்துத் திருப்பி, தன் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். நான் பின்னால் போனேன். முதுகில் எந்த நேரத்தில் குண்டு பாயுமோ என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டு நடந்த அந்தத் தூரத்தை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். வெற்று வண்டி வேறு கல்லில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது.

காட்டு ஓரத்தில் நிறுத்தியிருந்த எங்கள் லாரியிடம் வந்ததும் உர்ஹோ வெடித்தான். "மாமா படுத்த படுக்கையா கிடக்காரு. குளிர்காலத்துக்கு இருந்த கறிய ஒரு திருட்டுப்பயலுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்ட. பயந்தாங்கொள்ளி!"

எனக்கும் எரிச்சல்தான். "ஆமா அண்ணி, காயத்த நீங்க சரியாத்தான் காட்டுனீங்க. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்" என்றேன்.

"பயந்தேன்தான்" என்றாள் அவள். "அவனுக்கு இல்ல. அவன் விரல் விசைக்கு வெளியதான் இருந்துச்சு. மொத குண்ட எடுடா, அப்புறம் லாரியில ஏறு."

உர்ஹோ முணுமுணுத்துக்கொண்டே துப்பாக்கியைத் திருப்பினான். அப்படியே நின்றுவிட்டான். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டிப் பூட்டு திறந்தே இருந்தது. எப்போது தள்ளினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"உன் விரல் விசை மேலயே இருந்துச்சு" என்றாள் அண்ணி. "அங்க நான் சத்தம் போட்டிருந்தா நீ திடுக்குன்னு அமுக்கியிருப்ப."

அவன் குண்டை எடுக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளே வாங்கி எடுத்தாள். பிறகு லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்து, அது வரைக்கும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து உடம்பு குலுங்க நடுங்கினாள். சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.