புகை எந்தப் பக்கம்

எங்கள் தெருவில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் வீட்டுக்குள் ஓட மாட்டார்கள். வெளியே வருவார்கள். கோவில்பட்டியைச் சுற்றித் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைகள் இருப்பதால் வந்த பழக்கம். கரிசல் வெட்டவெளியில் எவ்வளவு தூரத்தில் புகை எழுந்தாலும் தெரியும். அந்தப் பக்கம் தங்கள் வீட்டு ஆள் வேலை பார்த்தால் பெண்கள் போனை எடுப்பார்கள். இல்லையென்றால் அடுப்பைக் கவனிக்கத் திரும்பிவிடுவார்கள். என் அம்மா கழுகுமலை ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மேற்கே புகை இல்லை என்று தெரிந்தால் எனக்கு மூச்சு வந்துவிடும். புகை எழுந்த இடத்தில் வேறு யாருடைய அம்மாவோ இருப்பாள் என்ற நினைப்பு கொஞ்சம் கழித்துத்தான் வரும்.

மகளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் என் கணவருக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கும் அணுமின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸும் உண்டு. நூல் மில்லின் பஞ்சுத் தூசியில் அவருக்கு இருமல் பிடித்து நாளாகியிருந்தது. டாக்டர் வேறு வேலை பார்க்கச் சொல்லிவிட்டார். இருந்தும் முடிவை என்னிடம் விட்டார்.

“நீ சரின்னா போவோம். இல்லன்னா மில்லுலயே கெடக்கேன். வெளிநாடு வரைக்கும் போயி அணுவையே பாத்துட்டு வந்தவல்லா நீ?”

பாதி கேலி, பாதி நம்பிக்கை. அந்தப் பாதி நம்பிக்கைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் பார்த்தது அணுவை அல்ல, ஒரு அலுவலகத்தை. திருநெல்வேலியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தபோது, நாங்கள் சிலர் ஒரு மாணவர் திட்டத்தில் தேர்வாகி, அணுசக்தியைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு ஒன்றுக்குப் போனோம். குளிர் நகரம். வரவேற்பறையில் வரிசையாகக் கொடிகள். சோதனையாளர்கள் அணு உலைகளில் வைத்துவிட்டு வரும் முத்திரைகளையும் கேமராக்களையும் காட்டினார்கள். கடைசியாக ஒரு அறை. திரைகள், தொலைபேசிகள். உலகத்தில் எந்த உலையில் விபத்து நடந்தாலும் செய்தி இங்கே வரும், இங்கிருந்து மற்ற நாடுகளுக்குப் போகும் என்றார் எங்களைக் கூட்டிப்போன அதிகாரி.

“பக்கத்து ஊர் மக்களுக்கு யார் சொல்வார்கள்?” என்று கேட்டேன்.

“அதை அந்தந்த நாட்டு அரசு சொல்லும்” என்றார். அவர் தட்டிக்கழிக்கவில்லை. உண்மையே அவ்வளவுதான். ஆனால் தொலைபேசிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெருவுக்கு வானம் போதுமாக இருந்தது. கதிர்வீச்சுக்குப் புகை கிடையாது, நிறம் கிடையாது, வாடை கிடையாது.

ஊர் திரும்பியதும் கல்லூரியில் அணுமின்சாரத்தை ஆதரித்துத்தான் பேசினேன். இன்றும் அதை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. நிலக்கரி எரிந்தால் சாம்பல் யார் நெஞ்சுக்குள் போகிறது என்று எனக்குத் தெரியும். கோடையில் கரண்ட் போனால் பிள்ளை வியர்த்து அழுவதும் தெரியும். ஆனால் உலையில் மிஞ்சும் கழிவை எத்தனையோ தலைமுறைகள் காவல் காக்க வேண்டும். மேடையில் அது ஒரு வாக்கியம். மடியில் பிள்ளை உறங்கும்போது அதே வாக்கியம் முடியாமல் நீண்டுகொண்டே போகிறது.

அம்மா வீட்டில்தான் நாங்களும் இருந்தோம். அவளிடம் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தாள்.

“அங்கன வெடிக்குமாட்டி?”

“அப்படி எல்லாம் வெடிக்காதும்மா. எத்தனையோ பாதுகாப்பு இருக்கு.”

“எங்க மொதலாளியும் அதத்தான் சொல்லுதாரு” என்று சிரித்தாள். பிறகு, “மாப்பிள்ள இருமுததைக் கேட்டியா? ராத்திரி எனக்கே ஒறக்கம் இல்ல. இங்கன மட்டும் என்ன, பயமில்லாமயா கெடக்கோம்? போங்கட்டி” என்றாள்.

உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார். பிள்ளை அந்தச் சத்தத்துக்குப் பழகி, விழிக்காமல் கிடந்தது. தெரிந்த ஆபத்தையும் தெரியாத ஆபத்தையும் எந்தத் தராசில் வைப்பது? அவரிடம் சரி என்றேன். சொன்ன வேகத்தில் வேண்டாம் என்று மாற்றத் தோன்றியது. அதற்குள் அவர் தன் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார்.

குவார்ட்டர்ஸ் சுத்தமாக இருக்கிறது. அவருக்கு இருமல் குறைந்திருக்கிறது. நான் செய்தது சரிதான் என்று பகலில் நம்ப முடிகிறது.

வந்த சில நாட்களில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எதிர்வீட்டில் ஒரு அக்கா மட்டும் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

“யாரத் தேடுதீங்க? லாரி டயரு வெடிச்சிருக்கும்.”

“ஒண்ணுமில்லக்கா” என்றேன். ஆனாலும் எல்லாப் பக்கமும் பார்த்தேன். வானம் சுத்தமாக இருந்தது. ஊரில் அது போதும். இங்கே அது எதையும் சொல்லவில்லை.

இப்போது பக்கத்து வீட்டில் கதவு அறைந்தால்கூட மகள் விளையாட்டை விட்டுவிடுகிறாள். தத்தித் தத்தி வாசலுக்குப் போய், நிலையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்க்கிறாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள்.