காதால் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

கோவையிலிருந்து புனேக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், டிவியோடு இணைக்க ஒரு கம்ப்யூட்டரை நானே அமைத்தேன். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து தமிழ்ச் சேனல்களைப் பிடிக்க அதில் ஒரு சாட்டிலைட் கார்டும் உண்டு. கிராபிக்ஸ் கார்டை மட்டும் கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கினேன்.

படம் பளிச்சென்று வந்தது. ஆனால் கார்டின் விசிறி ஓயாமல் இரைந்தது.

"பக்கத்துல யாரோ மிக்ஸி போடற மாதிரி இருக்குதுங்க. பேசறது ஒண்ணுமே கேக்கல," என்றாள் மனைவி.

மறுநாள் அதை மாற்றப் போனபோது அவளும் வந்தாள். கடைக்காரர் மூன்று கார்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். நான் பெட்டிகளில் இருந்த எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அவளோ கண்ணை மூடிக் கேட்டாள். மூன்றாவதில், "இதுதான்" என்றாள்.

விசிறியே இல்லாத கார்டு அது. சூட்டைத் தணிக்க அலுமினியத் தகடுகள் மட்டும் இருந்தன.

"மேடம், கேம் நஹீ சலேகா," விளையாட்டெல்லாம் ஓடாது என்று கடைக்காரர் இழுத்தார்.

"நமக்கு சீரியல் ஓடுனாப் போதும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். வீட்டில் ஒளித்து வைத்திருந்த கார் பந்தய விளையாட்டை நினைத்தபடியே தலையாட்டினேன்.

அன்று மாலை ஒவ்வொரு வசனமும் தெளிவாகக் கேட்டது. ஒரே வாரத்தில், அந்த சீரியலில் யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் எனக்கும் அத்துப்படியாகிவிட்டது.