சாக்குக்குள் வளர்ந்த உப்பு

எனக்கு வாய் அதிகம், பெருமை அதைவிட அதிகம். அறுபதுகளின் தொடக்கத்தில் காட்டூர்ப் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் தண்ணீர்ப் பொறுப்பு என்னுடையது. ஐஸாக உறைய வைக்கும் தண்ணீரைச் சொல்லவில்லை. மிஷின் அழுத்த அழுத்த அமோனியா வாயு சூடேறும். அந்தச் சூட்டைத் தணிக்க முற்றத்தில் அடுக்கடுக்காக இரும்புக் குழாய்கள் இருந்தன. அவற்றின் மேல் ஓயாமல் தண்ணீர் விழ வேண்டும். விழுந்தது கீழே தொட்டியில் சேரும், பம்பு அதையே திரும்ப மேலே ஏற்றும்.

சுற்றச் சுற்றத் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மட்டும் தங்கும். அதனால் தினமும் காலையில் தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தைச் சாக்கடைக்குத் திறந்துவிட்டு, கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்புவோம்.

அந்த வருஷக் கோடையில் கிணறு அடிமண்ணைக் காட்டியது. "கிணறு வத்திடுச்சுன்னா கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். ஏதாவது பண்ணுங்க" என்றார் முதலாளி. பண்ணினேன். சாக்கடைக்குப் போகும் வால்வை இறுக்கி மூடினேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஒரே வாரத்தில் கிணறு கொஞ்சம் ஏறியது. முதலாளி எல்லார் முன்னாலும் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மிஷின் ஓட்டியவன் என் வயசுக்காரன், பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வரும் முஸ்லிம் வீட்டுப் பையன். நாங்கள் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அவன்தான் முதலில் கவனித்தான்.

"மாப்ளே, பிரஷர் முள்ளு ஏறுதுடா. குழாயெல்லாம் உப்பு படிஞ்சு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு, சூடு இறங்க மாட்டேங்குது. ஒரு நாள் நிறுத்திட்டுச் சுரண்டிடலாம்."

"அப்பன் ஆகப் போறேன்னதும் உனக்குப் பயம் வந்துடுச்சு" என்று கிண்டல் செய்தேன்.

வீட்டில் குடிதண்ணீர்ப் பானைக்கு ஈரத்துணி சுற்றுவோம் இல்லையா, அதே புத்தி எனக்கு இங்கேயும் ஓடியது. சாக்குகளை நனைத்துக் குழாய்களின் மேல் போர்த்தினேன். இரண்டு நாள் முள் இறங்கியது. பார்த்தாயா என்று மீசையை முறுக்கினேன். சாக்குக்கு அடியில் உப்பு கனத்துக்கொண்டே போனது, யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சாக்கு விறைத்துப் பலகையானதும் அதன் மேலேயே இன்னொன்றைப் போட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர். சர்பத் கடைகளுக்கு ஐஸ் ஏற்ற விடிந்ததிலிருந்தே வண்டிகள் வாசலில் நின்றன. உச்சி வெயிலில் அவன் வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாப்ளே, நிறுத்திடலாமா? முள்ளு சிவப்புக்கோட்டுல நிக்குது. சத்தமும் சரியில்லை."

நிறுத்தினால் சாக்கைத் தூக்க வேண்டும். தூக்கினால் என் சாமர்த்தியம் சந்தி சிரித்துவிடும். "இன்னைக்குப் போயா? சாயங்காலம் வரைக்கும் தாங்கும், போடா" என்றேன். அவன் உள்ளே போனான்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மிஷின் பக்கத்தில் குழாய் மூட்டு ஒன்று வெடித்தது. அமோனியா வெள்ளைப் புகையாகக் கதவு வழியாகப் பொங்கி வந்தது. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். விழுந்ததில் பின்மண்டையில் அடி. முகத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். கண் எரியுது, கண் எரியுது என்று அலறினான்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள், ஒரு கண் போய்விட்டது, மற்றதற்கும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். முதலாளி வந்தார். "முள்ளு ஏறினது தெரிஞ்சும் ஏன்யா நிறுத்தலை? ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்போம்?" என்றார். "அன்னிக்குக் காலையிலேர்ந்தே ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க" என்றான் அவன்.

முதலாளி போனதும், கட்டுப்போட்ட முகத்தோடு என் கையைத் துழாவிப் பிடித்தான். அவன் மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, நீ பொய் சொல்ல மாட்டே. நிறுத்தலாமான்னு நான் உன்கிட்ட வந்து கேட்டேனா?"

"இல்லைடா. நீ கேக்கவே இல்லை" என்றேன்.

"அப்போ தப்பு என்மேலதான்" என்று மனைவி இருந்த பக்கமாகத் திரும்பிச் சொன்னான்.