சுடலைக்குக் கிழக்கே ஒரு வீடு

சுடலைப் பேச்சென்பதால் இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் வாடகைக்கு வீடு தேடிக் களைத்துப் போனோம். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒருவரும் தரவில்லை. கடைசியாகக் கிடைத்த அப்பார்ட்மென்டின் ஜன்னலுக்கு மேற்கே முழுக்கக் கல்லறைகள்.

“முருகா, இது வேண்டாமப்பா,” என்றாள் மனைவி.

கட்டடத்தைப் பராமரித்தவர் ஓர் எகிப்தியர். நரைத்த மீசை. சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டேதான் பேசுவார். தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “எங்கட பழைய சனமும் இப்பிடித்தான். ஆத்து வண்டல் பயிருக்கு. அதில புதைக்க மாட்டினம். பொழுது எழும்புற கிழக்கில வீடு, செத்தவைக்கு மேற்கே பாலைவனம். நீங்கள் சரியான பக்கம்தான் நிக்கிறியள்.”

மனைவி மெல்லச் சொன்னாள்: “அவர் தன்ரை ஊரில ஆத்துக்கு எந்தக் கரையில இருந்தவராம்? கேளுங்கோ.”

கேட்டேன்.

“மேற்கு. கிழக்கில வீடு கிடைக்கேல்லை.”

சாவியை வாங்கினோம். அவர் பகிடி விட்டாரா, எங்களைத் தேற்றினாரா, இன்றும் தெரியாது. இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.