லிசியாதேயும் ஐந்து கோடுகளும்

எங்கள் தீவில் கொலோவாயிலிருந்து தலைநகர் நுக்குவாலோஃபா போகும் பஸ்ஸில், ஓட்டுநருக்கு எதிரே துணிக்கிளிப்பில் ஒரு தாள் தொங்குகிறது. லிசியாதே ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணைத் தாளிலும் வைத்து, உதட்டைக் குவித்து 'பூம் பூம்' என்றபடியே ஓட்டுகிறார். இறங்க வேண்டியவர்கள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

"லிசியாதே, என் வீடு தாண்டிருச்சுப்பா."

"இந்த வரி முடியட்டும்க்கா. நடுவுல நிறுத்தினா மறுபடி மொதல்லேருந்து வரணும்."

எங்கள் தேவாலய பேண்டில் யூஃபோனியம் ஊதுகிறவர் அவர். மடியில் உட்கார்ந்த குழந்தை மாதிரி பெரிய பித்தளைக் குழல் அது. யாரிடமும் கற்றதில்லை. ஒரு தரம் கேட்டால் போதும். அடுத்த தரம் அவரே ஊதுவார், அதுவும் பாட்டில் இல்லாத நகாசுகளோடு. எங்கே இண்டு இடுக்கு கிடைத்தாலும் புகுந்து நிரப்பிவிடுவார். பக்கத்தில் டிரம் அடிக்கும் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைத்ததில்லை.

அவர் நிம்மதியைக் கெடுத்தவள் மகள் லாவினியா. ஆக்லாந்தில் இசை படிக்கிறவள், புதுத் தேவாலயத் திறப்புக்கென்று ஒரு பாட்டு எழுதி அனுப்பினாள். நடுவில் அப்பா தனியாக ஊத ஒரு பகுதி. யாருமே கேட்டிராத பாட்டு என்பதால் அவர் காதுக்கு அங்கே வேலையில்லை. போனில் பாடிக் காட்டுகிறேன் என்றாள். இவர் மறுத்துவிட்டார்.

"எம் பொண்ணு எனக்குன்னு எழுதியிருக்கா. அதை நானே படிக்கணும். கேட்டு ஊதறதுக்கு எவனோ எழுதின பாட்டு போதாதா?"

எங்கள் பாட்டெல்லாம் எண்களில்தான் எழுதியிருக்கும். மூன்றில் தொடங்கி ஒன்பதில் முடியும் ஏழு ஸ்வரங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மகள் அனுப்பிய தாளில் ஐந்து கோடுகளும் புள்ளிகளும்தான். ஆனால் முதல் வரியின் தலையில் ஒரு மூன்றும் அதன் கீழே ஒரு நான்கும் இருந்ததைப் பார்த்ததும் மனிதருக்கு உயிர் வந்தது. தினமும் அந்த இரண்டையும் முழங்கிவிட்டுத்தான் பாட்டுக்குள் நுழைந்தார். பேண்ட் மாஸ்டர் சைமோனே சில நாள் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணே, அது ஸ்வரம் இல்ல. தாளக் கணக்கு."

"கணக்கை எதுக்குய்யா வாசல்லயே எழுதி வெக்கிறாங்க?"

பிறகு வீட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் கரியால் ஐந்து கோடு இழுத்தார். தாளில் புள்ளிகள் இருக்கிறபடியே கொய்யாப்பழங்களைப் பரப்பி, குனிந்து பார்த்துப் பார்த்து ஊதினார். குளித்துவிட்டு வருவதற்குள் பன்றிக்குட்டி ஒரு வரியைத் தின்றுவிட்டது. "இப்போதைக்கு அந்தப் பன்னிக்குத்தான் பாட்டு தெரியும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார் அவர் மனைவி மெலெனைதே அண்ணி. சிரித்தாலும் எங்களுக்கு உள்ளூர பயம்தான். மகள் முன்னால் இவர் தடுமாறினால், அப்புறம் குழலைத் தொடவே மாட்டார்.

திறப்பு ஞாயிறன்று, விசேஷங்களுக்கு நாங்கள் மரியாதையாக உடுத்தும் பாயைப் புதிதாக இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். ஆக்லாந்திலிருந்து வந்திருந்த லாவினியா முன்வரிசையில் இருந்தாள். தனிப்பகுதி வந்தது. வழக்கமான நகாசு ஒன்றுகூட இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி மெதுவாக, ஆனால் பிசகாமல் போனார்.

பாதியில் சட்டென்று நின்றது. குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். மனிதர் வழி தவறிவிட்டார், ஒரு முழக்கு முழக்கி மானத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் குச்சியை ஓங்கினேன்.

"இருடா" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே. "இங்க சும்மா இருக்கணும்னு எழுதியிருக்கா."

சொல்லிவிட்டு, ஒரு கையால் என் குச்சியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தால் தரையில் தட்டி அந்த மௌனத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்.